சாகிறவளுக்கு ஏது இத்தனை மூச்சு

அம்மணி,

இன்று படப்பிடிப்பில் மேக்கப்காரர் கிளிசரின் பாட்டிலைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நான் வசனம் எழுதும் குடும்பப் படத்துக்கு, அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் சாவுக் காட்சி எடுத்தார்கள். கட்டிலில் கிடந்த கதாநாயகிக்குத் தலை கலையவில்லை, உதட்டுச் சாயம் போகவில்லை. வெளியே லாரித் தண்ணீரில் மழை. யாராவது சாக வேண்டுமென்றால் இவர்களுக்கு மழை பெய்தே ஆக வேண்டும். நிஜத்திலும் அப்படி இருந்தால் மழை காணாத காங்கேயத்தில் ஒருத்தரும் செத்திருக்க முடியாது.

காந்திபுரத்துத் தியேட்டரில் நாம் பார்த்த படங்களிலும் இதே கூத்துதான். இருமல், விளக்கு படபடப்பது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவது, பிறகு ஒரு பிரசங்கம். பக்கத்தில் எல்லோரும் மூக்கை உறிஞ்சும்போது நீ என் காதோரம் குனிந்து, "சாகறவளுக்கு ஏதுங்க இத்தன மூச்சு?" என்றாய். அந்தப் படத்துக்கு வசனம் நான்தான். தெரிந்துதான் கேட்டாய்.

நீ போன அன்று மழையும் இல்லை, வயலினும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, கேஸ அணைச்சுப்போட்டு வந்தீங்களா?" என்று கேட்டாய். அணைச்சாச்சு என்றேன். தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அவ்வளவுதான்.

அதைத்தான் இந்தக் காட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார். கேஸ் அடுப்புக்கு எவன் அழுவான் என்றார். அதை அடித்துவிட்டு, குங்குமம், மன்னிப்பு, அடுத்த பிறவி என்று பக்கம் பக்கமாக நிரப்பினார். அது போதாதென்று, வாழ்நாளெல்லாம் புருஷன் பெயரைச் சொல்லாதவள் கடைசி மூச்சில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். கைதட்டல் அள்ளுமாம். இந்த ஆளும் கோயமுத்தூரில் பிறந்தவர்தான். வீட்டில் "ஏனுங்க" என்று கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. நீ கூப்பிடும் தொனியிலேயே சட்டையில் கறையா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"டைட்டில்ல இருந்து என் பேர எடுத்துருங்க" என்றேன்.

"சீன் அருமையா வருதுங்க சார். அழுகாத ஆளே இல்ல, பாருங்க" என்றார்.

பார்த்தேன். லைட்டுக்காரர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். நாயகிக்குக் கிளிசரின் போதாமல் மறுபடி ஊற்றினார்கள்.

பஸ் ஏறி வந்துவிட்டேன். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும், உன் கடைசி வார்த்தை அவர்கள் கையில் சிக்காமல் தப்பித்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், பூட்டிய கதவை மறுபடி திறந்து அடுப்பைப் பார்க்கிறேன்.

அணைந்துதான் இருக்கிறது, அம்மணி.