ஒரே வண்டியில் ஏறமாட்டேன்

பிப். 9, திங்கள்
காலையில் நல்ல பனி. பதினோரு மணிக்கு தஞ்சாவூரில் வக்கீலம்மா. எடுத்துப்போக: ஆதார், பிள்ளைகள் பிறப்புச் சான்று, மனைப் பத்திர நகல், நிலாவுக்கு இருமல் மருந்து.

இவர் வரவில்லை. உரக்கடையில் லோடு இறங்குகிறதாம்.

நானும் இவரும் தனித்தனியே உயில் எழுத வேண்டுமாம். இரண்டு பேருமே போய்விட்டால் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று அதில் சொல்லலாம். சொல்லாவிட்டால்? "அப்புறம் சொந்தக்காரங்க கோர்ட்டுல மல்லுக்கட்டுவாங்கம்மா."

என் அக்கா மாலதி பெயரைச் சொன்னேன். லேப் வேலை, தனி வீடு, கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். போனில் கேட்டதற்கு ஒரே வார்த்தை: "எழுதுடி."

என்னுடையதில் கையெழுத்துப் போட்டாயிற்று. சாட்சி: வக்கீல் குமாஸ்தா, ஜெராக்ஸ் கடைக்காரர்.

பிப். 10, செவ்வாய்
வீடு இரண்டுபட்டது. அத்தை அடுப்படியிலிருந்தே:

"ஞாயித்துக்கெழம மாமாவுக்கு அறுவதாங் கல்யாணம். ஆயுசு வேணும்னு திருக்கடையூர் போறோம். இவ சாவுக்குப் பத்திரம் எழுதிட்டு வந்து நிக்கிறா! கல்யாணமே ஆவாதவகிட்டயா புள்ளைங்கள விடுவ? சித்தப்பன் எதுக்கு இருக்கான்?"

கொழுந்தனார் நல்லவர்தான். ஆனால் அவர் மனைவி ரம்யாவின் பி.எட். சான்றிதழ் கல்யாணத்தன்று பீரோவுக்குள் போனது. இன்னும் வெளியே வரவில்லை. என் பெண்கள் அந்த வீட்டில் வளர வேண்டாம்.

மூன்று வாரமாக இதே நினைப்பு. அன்று ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் வழுக்கியது. நாலு பேரும் ஒரே வண்டியில். டேங்க் மேல் யாழினி, என் மடியில் நிலா. பின்னால் வந்த லாரி இரண்டு முழம் தள்ளி நின்றது. முட்டிச் சிராய்ப்போடு போயிற்று. அத்தை சுற்றிப்போட்டு முடித்துவிட்டார். எனக்கு முடியவில்லை.

இவரிடம் சொல்லிவிட்டேன்: "நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் உங்களோட ஒரே வண்டியில ஏறமாட்டேன்."

சிரித்தார்.

பிப். 13, வெள்ளி
சிரிப்பு நின்றது. திருக்கடையூருக்கு வேன் பேசியிருக்கிறார்கள். நானும் பிள்ளைகளும் பஸ்.

"ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"பஸ்ல போனாங்கன்னு சொல்லுவாங்க."

பட்டுப்பாவாடை இரண்டு. வாந்தி கவர். பிஸ்கட்.

பிப். 15, ஞாயிறு
மூன்று பஸ். யாழினி கும்பகோணத்துக்கு முன்பே வாந்தி. நிலா ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தாள்.

பந்தியில் காதில் விழுந்தது: "புருசன் பொண்டாட்டி சண்டையா?" "இல்லக்கா, உயிலாம்." "இந்த வயசுலயா!"

மாமா, அத்தை மாலையும் கழுத்துமாக. விழுந்து கும்பிட்டேன். அத்தை ஆசீர்வாதம் பண்ணினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ரம்யா காபி கொடுக்கிற சாக்கில் குனிந்தாள். "அக்கா, அந்த வக்கீல் நம்பர் குடுங்க."

திரும்பும்போது பஸ் ஏற்றிவிட இவர் வந்தார். யாழினி படியில் நின்று, பஸ்ஸே கேட்கிற மாதிரி: "அப்பா, நீயும் அம்மாவும் செத்துட்டா நாங்க பெரியம்மா வீட்டுக்கா, சித்தப்பா வீட்டுக்கா? எழுதிட்டியா?"

நான் இதை அவளிடம் சொல்லவே இல்லை. வீட்டில் கத்தியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

பஸ் கிளம்பிய பிறகும் இவர் அங்கேயே நின்றார்.

பிப். 17, செவ்வாய்
வெயில் சுள்ளென்று. பிள்ளைகள் அக்கா வீட்டில். இவரே கடையைச் சாத்திவிட்டு வக்கீலம்மாவிடம் வந்தார், பைக்கில். நான் பஸ்ஸில்.

மாலதி பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். "சரவணன் வருத்தப்படுவான்."

"உங்க தம்பிதானே? படட்டும்."

பேனா முதலில் எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். பிறகு போட்டார், முழுப் பெயராக.

வெளியே வந்து வண்டியை உதைத்தார். "இப்ப ஏறுவல்ல?"

ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு வாங்குங்க. ஏறுறேன்."

பஸ்ஸில் ஜன்னலோர சீட். இவர் பின்னாலேயே வந்தார், வீடு வரைக்கும்.