ராணியின் உயிருக்குக் காவல்

ஜூன் 3, செவ்வாய்

கத்தரி இன்றும் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் பதிப்பக ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவர் காதிலும் விழுந்திருக்கும், கண்டுகொள்வதில்லை. "ஏம்மா, பூதம் இருக்கு, கோட்டை இருக்கு, எல்லாம் இருக்கு. பயம் எங்க? நடுவுல எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்றார்.

பழைய மாயாஜாலக் கதைகளிலிருந்து ஆளுக்கு ஒரு எலும்பை உருவி, அதன்மேல் புதுசாக ஒரு கதை கட்ட வேண்டும். இந்த வருடம் குழந்தைகளுக்காக நாங்கள் போடும் புத்தக வரிசை அதுதான். என் பங்குக்கு வந்தது உயிரை வேறிடத்தில் ஒளித்து வைக்கிற எலும்பு. ஏழு கடல், ஏழு மலை, குகை, கூண்டு, கிளி. அரக்கனைப் பற்றியும் இளவரசனைப் பற்றியும் எழுதித் தள்ளியாகிவிட்டது. அந்தக் கிளிக்குத் தினமும் தீனி போட்டது யார்? அவனுக்கோ அவளுக்கோ ஒரு வீடு வாசல் இருந்திருக்காதா? அங்கே பிடித்தால் ஏதாவது தேறும் என்று தோன்றுகிறது.

அக்காவுக்கு மருந்து ஏற்றும் நாள் இன்று. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கூடவே இருக்கிறார். போன் வரவில்லை. வராதவரை நல்லது.

ஜூன் 5, வியாழன்

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவள் மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஏழு வயது. எதைச் சொன்னாலும் "அப்ப நேத்து ஏன் வேற மாதிரி சொன்னே?" என்று மடக்குவாள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் வக்கீல்.

எழுதியதை அன்றன்றைக்கு அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் எங்கே கொட்டாவி விடுகிறாளோ அந்த வரியை அடித்துவிடுவேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான எழுத்துப் பயிற்சி இது ஒன்றுதான். கத்தரியைவிட இவள் கறார்.

இன்று அரக்கனைத் தூக்கிவிட்டு ராணியை வைத்தேன். கிளிக்குப் பதில் வாய் ஓயாத ஒரு வாத்து. ராணியின் உயிர் அந்த வாத்துக்குள். காவலுக்கு ஒரு சின்னப் பெண். வாத்து வருகிறபோதெல்லாம் வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, சரியாகக் கத்தரி தூங்கின இடத்தில், இவளும் வாயைத் திறந்தாள். போச்சு.

ஜூன் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது! கதைக்கு ஒரு விதி வேண்டும். இதைத்தான் இவ்வளவு நாள் தேடியிருக்கிறேன், மடச்சி.

சாவு ராணியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அரண்மனைக்கு வழி அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது காவல்காரியின் முகம் மட்டும். அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் ராணியைப் பார்க்கக் கிளம்பினால் பின்னாலேயே போய்விடலாம் என்று தூங்காமல் காத்திருக்கிறது. ராணிமேல் உயிரையே வைத்திருக்கிறவள், ராணி பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அவளைப் பார்க்கப் போகக்கூடாது.

படித்தேன். வக்கீல் கொட்டாவி விடவில்லை. கால் ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"காவல்காரிக்கு ராணியப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தா?"

"அடக்கிக்கணும்."

"எதுவரைக்கும்?"

"ராணி நல்லா இருக்கணும்னா போகவே கூடாது, அவ்வளவுதான்" என்றேன். திருத்திக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

கத்தரி ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. "இதாம்மா பயம். பாசத்துக்குள்ளயே வச்சுட்டே பாரு" என்றார். சந்தோஷத்தில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பிறகு அக்காவின் ஞாபகம் வந்தது, சிரிப்பு போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா இருக்கும் வார்டில் ஞாயிறு மாலை மட்டும் குழந்தைகளை விடுவார்கள். கிளம்புகிற நேரத்தில் வக்கீலுக்கு வயிற்று வலி. பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அக்கா வாசலைப் பார்த்தபடியே என்னோடு பேசினாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் வரவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன். உள்ளேயிருந்து ஒரே பதில்: "நான் வரமாட்டேன், நீ போ சித்தி."

அக்கா கேட்டாள்: "என் மொட்டத் தலையப் பாத்துப் பயந்துட்டாளாடி? நல்லதா ஒரு துணி கொண்டு வா, கட்டிக்கிறேன்." மாமா என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் பொரிந்து தள்ளினார். நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனாம். பெற்ற தாயைப் பார்க்க வராத பிள்ளை எங்கேயாவது உண்டா என்றார். அவர் முகம் ஒரு மாதமாகத் தூங்காத முகம்.

வக்கீல் அம்மாவோடு போனில் மட்டும் பேசுகிறாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடுகிறாள்.

ஜூன் 26, வியாழன்

மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் மாமாவையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. "பாக்க வேண்டியவங்க எல்லாரும் வந்து பாத்துடட்டும்" என்றார். மாமா அந்த அறையில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டியவள் ஒருத்திதான் பாக்கி.

ஜூன் 28, சனி

கட்டிலுக்கடியில் பெருக்கும்போது ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே ஒரு பூட்டு. பின்கதவில் தொங்கிக்கொண்டிருந்த சாவி தொலைந்த பூட்டு. இதை ஏன்டி இங்கே வைத்தாய் என்று கேட்டதுதான் தாமதம், ஓடி வந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இதத் தொறக்கவே முடியாதுல்ல? அதான் இதுல வச்சேன்."

"எதை?"

பூட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அம்மாவோட உயிரையா?"

தலையாட்டினாள். பிறகு, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்பதுபோல, பொறுமையாக விளக்கினாள்: "நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அது என் பின்னாடியே வந்துரும் சித்தி. அம்மா எந்த ரூம்னு அதுக்குத் தெரியாதுல்ல. நீ போலாம். உன்ன அதுக்குத் தெரியாது."

வயிற்று வலி. குளியலறைத் தாழ். எல்லாமே காவல். ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஒரு பிள்ளை அம்மாவைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது — என் கதையில் ஒரு தொய்வு இருந்ததற்காக!

ஜூன் 29, ஞாயிறு

கதையாலேயே அந்தப் பயத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். புது அத்தியாயம்: சாவுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, காவல்காரி ஓசைப்படாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். படித்தேன்.

"சாவு தூங்காதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கே."

சரி, காவல்காரி மாறுவேஷத்தில் போகிறாள்.

"மொகம் தெரியும்னு சொன்னியே. மாறுவேஷத்துல மொகம் மாறாதுல்ல?"

பூட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே?

"பூட்டுக்குப் பின்னாடி வராது சித்தி. எனக்குப் பின்னாடிதான் வரும். நீதானே எழுதினே?"

எழுதினேன்தான். ஓட்டையே இல்லாமல் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கதை எழுதினதில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

அக்காவுக்குக் குரல் அமுங்கிவிட்டது. போன் இனி இல்லை.

ஜூலை 2, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வாத்து, விதி, பூட்டு, எல்லாவற்றையும். கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன், அறையக் கையில் தெம்பில்லை. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்தால், சிரிக்கிறாள்.

"அப்ப எம்மேல கோவம் இல்லையா அவளுக்கு? பயம் இல்லையா?" கிசுகிசுப்பாகத்தான் குரல் வந்தது.

"இல்லக்கா. உன்னக் காப்பாத்திட்டு இருக்கா."

"என் தங்கம்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து என்னைப் போகச் சொன்னார். எழுந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஆனாலும் எனக்குப் பாக்கணும்டி" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். கதைக்காரிக்கு அது கடைசியாகத்தான் தோன்றும் போலிருக்கிறது.

மடியில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன். சாவு யாரையும் பின்தொடராது. அதற்கு வாசலும் கிடையாது, முகமும் கிடையாது. அதெல்லாம் சித்தி உட்கார்ந்து கட்டினது. நீ கொட்டாவி விட்டாய், கத்தரி மாமா தூங்கினார், அதனால் கட்டினேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் போனா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

இங்கேதான் நான் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு என்னவோ ஆகத்தான் போகிறது கண்ணு, நீ போனாலும் ஆகும், போகாவிட்டாலும் ஆகும், உன்னால் இல்லை என்று. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மறுபடியும் குளியலறைக்குள் போய்விடுவாளோ என்று பயந்தேன். அக்கா விரலைப் பிடித்தது இன்னும் கையிலேயே இருந்தது.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஜூலை 5, சனி

தலைமை நர்ஸ் தனி அனுமதி கொடுத்தார். வக்கீல் வார்டு வாசலில் நின்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. என் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

அக்கா நான் கொண்டுபோன நீலத் துணியைக் கட்டியிருந்தாள். இவள் அதை அவிழ்த்துவிட்டு மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, "நல்லாதானே இருக்கு, எதுக்கு மூடி வச்சிருக்கே?" என்றாள். கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பள்ளியில் யார் யாரோடு டூ விட்டார்கள் என்று ஒரு கதை ஓடியது. அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டாள், ஒரு சொல் விடாமல் கேட்டாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இப்படி ஒரு மாலை என் வாழ்க்கையில் இன்னொன்று வராது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

விடியும்போது அக்கா போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

வக்கீல் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும், பாவம், அதற்குப் புரியவில்லை என்கிறார்கள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று அவளாகவே வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வக்கீல் மாதிரியும் கேட்கவில்லை.

"நான் போனேன்ல. மறுநாளே ஆயிடுச்சுல்ல."

உன்னால் இல்லடா, உன்னால் இல்லவே இல்லடா என்று கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார், எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சா ஏன் ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணே?"

என்னத்தைச் சொல்ல? சொல்லுங்கள் யாராவது. என்னத்தைச் சொல்ல?

ஜூலை 19, சனி

அச்சுக்குப் போகும் முன் திருத்தப் பிரதி வந்தது. வாத்துக்குப் படம் அழகாகப் போட்டிருக்கிறார்கள். அந்த விதி வருகிற பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அதை எடுத்தா அப்புறம் என்னம்மா இருக்கு இதுல? வாத்துதான் இருக்கு" என்றார் கத்தரி. அப்படியானால் முழுசாகவே வேண்டாம் என்று பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னாலேயே படி வரைக்கும் வந்தார், பாவம். அவரிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி ஒரு குழந்தை இதைப் படிக்காது. கேட்கக் கூடாதவள் கேட்டாயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாமா வக்கீலை அந்த டாக்டரிடமே அழைத்துப்போனார். டாக்டர் படம் வரைந்து காட்டி, நோய் எங்கே ஆரம்பித்தது, எங்கெல்லாம் போனது என்று விளக்கினாராம். "எல்லாத்துக்கும் சரி டாக்டர், சரி டாக்டர்னு தலையாட்டினா. ஒரு கேள்வி கேக்கலை" என்றார் மாமா. அவருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. எனக்கு இல்லை. கேள்வி கேட்காமல் அவள் எதையுமே நம்பினதில்லை.

இப்போது அப்பாவோடு இருக்கிறாள். பள்ளி விட்டதும் என்னிடம் வருவாள், அவர் வேலை முடிந்து அழைத்துப் போவார். சாப்பிடுகிறாள், படிக்கிறாள், சில சமயம் சிரிக்கிறாள். கதை கேட்பதில்லை. நானும் எழுதுவதில்லை; பிறர் எழுதியதில் பிழை திருத்துகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு நாளாகக் காய்ச்சல். அனலாகக் கொதிக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. பள்ளி விட்டு வந்த வக்கீல் என் அறை வாசலில் நின்றுவிட்டாள். படுத்திருப்பதைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"காய்ச்சலா?"

"ஆமா. வா, உள்ள வா."

வரவில்லை. போய்விட்டாள். சமையலறையில் ஸ்டூல் இழுக்கும் சத்தம், குழாய்ச் சத்தம். திரும்பி வந்தாள். தண்ணீர் டம்ளரை வாசலுக்கு வெளியே தரையில் வைத்து, துடைப்பக் கட்டையால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கட்டில் வரைக்கும் அனுப்பினாள். பாதி சிந்தியது. அடுத்து மாத்திரை அட்டை வந்தது. பிறகு சுவரோரமாக, எனக்குத் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணு, இங்க வந்து உக்காரு. சித்திக்கு உன்னப் பாக்கணும்போல இருக்கு."

"மாட்டேன்."

"சித்தி மேல கோவமா?"

"இல்ல." துடைப்பக் கட்டையைத் தரையில் வைக்கும் சத்தம். "நீயாச்சும் எனக்கு வேணும்."

போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்கக்கூடாது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தெம்பாக்கிக்கொண்டு, காய்ச்சல் விட்டுவிட்டது, தொட்டுப் பார் வா, ஒன்றுமே இல்லை என்று சொன்னேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவே" என்றாள் வெளியிலிருந்து.