முதலில் மாதிரி, பிறகு டீ

அனுப்புநர்:
சி. பொன்னுரங்கம்,
துறைமுகக் கிரேன் ஆபரேட்டர் (ஓய்வு), ஊருக்கெல்லாம் மாமா,
சொக்கம்மாள் சந்து, இராயபுரம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
ஆலைக் கழிவுநீர் ஆய்வுப் பிரிவு, வடசென்னை.

பொருள்: எங்கள் சந்துப் பாதாளச் சாக்கடையில் ஆலைக் கழிவுநீர் மாதிரியை முன்னறிவிப்பின்றி எடுக்கவும், அதுவரை துப்புரவுத் தொழிலாளி மாசானத்தைக் குழிக்குள் இறக்காதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எவராலும் நம்ப முடியாத கதை ஒன்றை இம்மனுவில் கூறப்போகிறேன் என்று தங்கள் சமூகத்துக்கு உறுதியளிக்கிறேன். என் சம்சாரமே நம்பவில்லை.

1. எங்கள் சந்தின் மேல்கோடியில், இரும்புச் சாமான்களை ஆசிட்டில் முக்கி முலாம் பூசும் கம்பெனி ஒன்று உள்ளது. அதன் கழிவுநீர் பொதுச் சாக்கடையில் விழுந்து எங்கள் வாசல் வழியே போகிறது. ஈரேழு பதினாலு லோகங்களில் பாதாளமும் ஒன்று என்று கேள்விப்பட்டிருந்தோம். அதன் கதவு எங்கள் சந்தில் இருப்பது இந்தக் கம்பெனி வந்த பிறகே தெரிந்தது. திங்களன்று பச்சை, செவ்வாயன்று மஞ்சள், வெள்ளியன்று பெயர் வைக்கப்படாத ஒரு நிறம். மூடியின் ஓட்டையில் வரும் ஆவியில் முட்டை வேகும். அதன் ஓடும் தானாகவே கழன்றுவிடும். கரப்பான்பூச்சிகள் குடும்பம் குடும்பமாகக் காசிமேட்டுக்குக் குடிபெயர்ந்தன. ஒரு பெருச்சாளி உடம்பெல்லாம் முலாம் பூசிக்கொண்டு வெளியே வந்தது. அடகுக்கடைக்காரர் உரசிப் பார்த்தார்.

2. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவர் மாதிரி எடுக்க ஜீப்பில் வந்தார். பதவிசான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அதிகாரியையும் டீ கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் எங்கள் சந்துக்கு இல்லை. கம்பெனிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜாபர், "மொதல்ல ஒரு டீ சாப்டு சார். சாக்கட எங்க ஓடிப் பூடப் போவுது?" என்றார். ஐயா, சாக்கடையின் தொழிலே ஓடுவதுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. ஜீப்பைப் பார்த்த கம்பெனிக் காவலாளி உள்ளே பார்த்து ஒரு விசில் அடித்தார்.

3. அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். டீ ஆறுவதற்குள் பாதாளம் தெளிந்தது. மூடியைத் திறந்தால் பளிங்கு! என்றைக்கோ விழுந்த நாலணா அடியில் மின்னியது. நான் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு மீன்காரம்மா குப்பம்மா மட்டும் குடத்தோடு வந்து நின்று, "எங்க பைப்புல காத்து வருது, சாக்கடைக்கு லாரித் தண்ணி வருதா? அத அப்டியே இந்தக் கொடத்துல வுடச் சொல்லு சார்!" என்று சத்தம் போட்டார். அதிகாரி நிறம் மாறும் காகிதத்தை நனைத்துப் பார்த்தார், மாறவில்லை. கேனில் நிரப்பி, சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் இறக்கிக்கொண்டு கிளம்பினார். ஐயா, அவர் கொண்டுபோனது கழிவுநீர் மாதிரி அன்று; தண்ணீர் மாதிரி. ஜீப் ரயில்வே கேட்டைத் தாண்டுமுன் பாதாளம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது.

4. இப்போது குழாயில் அடைப்பு. கழிவு எங்கள் கக்கூஸ்களுக்குள் ஏறுகிறது. அடைப்பெடுக்க வருகிற வியாழக்கிழமை மாசானத்தை இறக்குவதாக ஒப்பந்தக்காரர் ஏற்பாடு செய்துள்ளார். வேண்டாம் என்றால், "தண்ணி சுத்தம்னு சர்க்காரே சொல்லிடுச்சு, நீ இன்னா பெரிய இவனா?" என்று தங்கள் அறிக்கையை நீட்டுகிறார். மாசானம் என் தோஸ்து. இடுப்புக் கயிறும் அரைக்கால் சட்டையும்தான் அவருக்குக் கவசம்.

5. ஆகவே ஐயா, வியாழனுக்கு முன் தாங்களே வரவேண்டும். ஜீப் வேண்டாம், ஷேர் ஆட்டோ போதும். கம்பெனி வாசலில் நிற்காமல் நேரே எங்கள் சந்து மூடிக்கு வந்து, ஒரு தடவையோடு விடாமல் பகல் முழுக்க விட்டு விட்டு எடுக்கவேண்டும். முதலில் மாதிரி, பிறகு டீ. ஜாபரிடம் கண்டித்துச் சொல்லிவிட்டேன். முடிவு தெரியும்வரை மாசானத்தை இறக்கக் கூடாதென்று ஒப்பந்தக்காரருக்கு ஓர் உத்தரவும் வேண்டும்.

இத்தனை எழுதியபின் மறைப்பானேன்? பெருச்சாளி என் கற்பனை. முட்டையும் அப்படியே. கரப்பான்பூச்சிகள் எங்கும் போகவில்லை, என் வீட்டில்தான் இருக்கின்றன. மற்றதை நம்புவதும் நம்பாததும் தங்கள் சித்தம்.

வாளி மட்டும் உண்மை. சேறு அள்ள மாசானம் இறக்கிய வாளி அடைப்பில் சிக்கிக்கொண்டது. சில நாள் கழித்து இழுத்தால் அடி இல்லாமல் வந்தது. நல்ல கெட்டி இரும்பு. மாசானம் அதன் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தார்: "வாளிக்கே இந்தக் கதின்னா, நான் இன்னா மாமு, எவர்சில்வரா?"

அந்தக் கேள்வியையும் வாளியோடு தங்களுக்கே அனுப்புகிறேன். தாங்கள் பதில் சொல்வீர்கள் என்று காத்திருக்கும்,

சி. பொன்னுரங்கம்

இடம்: இராயபுரம்
நாள்: 9.6.2003

இணைப்பு: வாளி ஒன்று, கைப்பிடியுடன். அடி குழிக்குள் உள்ளது.