மேசையைத் தட்டியவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துபோனால் அம்மாவிடம் மறைக்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் நான் எடுக்கும் வகுப்பில் பொடிசு என்றொரு பெண். கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தவள் நல்ல மார்க் எடுத்ததும், பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என் கண்ணு முன்னாடி போடட்டும். இல்லைன்னா இந்த வகுப்பே வேண்டாம்” என்றார்.

அவர் கொடுத்த கணக்கில் முதல் வரி எழுதிய பொடிசு நின்றுவிட்டாள். என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வரியும் சரியாக வந்ததும் பேனாவால் மேசையைத் தட்டுவது என் வழக்கம். அது கேட்காமல் அவளுக்கு அடுத்த வரி ஓடாது. தட்டினால் நானே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

பொடிசு தன் பேனாவால் மெல்ல மேசையைத் தட்டிக்கொண்டாள். பிறகு கணக்கை முடித்தாள். வகுப்பு தப்பித்தது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கேயும் போர்வை கிடைக்கிறதுதான், ஆனாலும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான் பேசும்போது நடுநடுவே ‘ம்’ கொட்டுங்கள், போதும்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்