லினக்ஸ் ஏற்றிய நாளில் நீங்கள் காட்டிய கபுர்

வாப்பா,

இன்று காலை உங்கள் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் அதே இரண்டு வரிகள். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் எதைத் திறப்பது என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். பார்த்துப் பழகிய திரைதான், ஆனாலும் இன்று விரல் அசையவில்லை. நஸீர் நானா கட்டாரிலிருந்து வந்திருக்கிறார். அசர் தொழுததும் தன் உம்மாவை அடக்கிய கபுரைப் பார்க்க வருகிறாராம். "மாமா காட்டித் தந்த இடம் சரியா ஞாபகமில்ல தங்கச்சி, லிஸ்ட்டப் பாத்துச் சொல்லுங்க" என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் காட்டிய இடமும் லிஸ்ட்டில் உள்ள இடமும் ஒன்றல்ல. நீங்கள் கண்ணை மூடி மௌத்தான பிறகு, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம்மூர் மையவாடியில் பெயர் பொறித்த கல் கிடையாது. தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒரு மீசான் கட்டை, அவ்வளவுதான். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் மணல் ஏறி அதையும் மூடிவிடும். அதனால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த நீங்கள், யார் எந்த வரிசையில் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தீர்கள். கொப்பியில் கறையான் ஏறியதும், இரண்டு விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் கணினியில் பதிந்தீர்கள். அந்த ஒரு கோப்புக்காகத்தான் கணினியே நம் வீட்டில் இருந்தது.

அதுவும் கிழடாகிப் போயிருந்தது. "ஓன் பண்ணிட்டு லுஹர் தொழுதிட்டு வந்தா, அதுவும் எழும்பி இருக்கும்" என்று நீங்களே சிரிப்பீர்கள். நான் அப்போதுதான் கணினி வகுப்பு முடித்திருந்தேன். பழைய கணினிக்கென்றே பாரமில்லாத லினக்ஸ் இருக்கிறது, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே போடலாம் என்று உங்களைப் பிடித்து அரித்தேன்.

"ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா மகள்?"

"ஒன்னு மத்தத் தொடாது வாப்பா. நான் பொறுப்பு."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பென் டிரைவ். உங்கள் கோப்பின் பிரதி அதில்தான் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். விண்டோஸைத் தொடப்போவதில்லையே, பிரதி எதற்கு என்று நினைத்தேன். படித்த திமிர், வேறென்ன.

விண்டோஸின் இடத்தைச் சுருக்கிப் புதியதற்கு இடம் ஒதுக்கும்போது நீங்கள் பக்கத்துக் கதிரையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. லினக்ஸ் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. "மாஷா அல்லாஹ், எங்க, நம்மட லிஸ்ட்டத் தொற பாப்பம்" என்றீர்கள். திறந்தேன்.

திரை முழுக்க இங்கிலீஸ் எழுத்து. இடையிடையே அடைப்புக்குறியும் காற்புள்ளியும். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன், அங்கும் அதே கோலம்தான்.

"மௌத்தானவங்களயெல்லாம் என்ன செஞ்ச நீ?" என்றீர்கள். அந்தக் குரலில் நீங்கள் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. நஸீர் நானா. தன் உம்மா மௌத்தானபோது கட்டாரிலிருந்து வரமுடியாமல் போனவர். பிறகு லீவு கிடைத்து வந்தபோது நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். உங்களை விட்டால் கபுரைக் காட்ட ஆளில்லை என்று, நீங்கள் எழும்பும்வரை காத்திருந்தார். அன்று அவருடைய லீவின் கடைசி நாள். வேன் இங்கிருந்து நேரே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க நானா" என்று கணினியை மூடித் திறந்து, கீழ் வரியை அழுத்தினேன். விண்டோஸ் உடனே வரவில்லை. அதன் இடத்தைச் சுருக்கியிருந்ததால் வட்டு முழுவதையும் சோதிக்கத் தொடங்கியது. நூற்றுக்குப் பதினொரு வீதம். பன்னிரண்டு. அப்போது கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூடு தன்பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தது. நாட்டுக்கே கரண்ட் கொடுப்பது பக்கத்து ஊர், நமக்குத்தான் இல்லை. பழைய பெட்டரி, கால் மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். சாரதி ஹோர்ன் அடித்தான். நஸீர் நானா மணியைப் பார்த்தார்.

"லிஸ்ட் எதுக்கு? எல்லாம் என்ட தலைக்குள்ள இருக்கு. வாங்க மகன்" என்று எழும்பினீர்கள்.

கொஞ்ச நாளாகவே நீங்கள் ஒரே பெயரை என்னிடம் இரண்டு தடவை கேட்பது எனக்குத் தெரியும். லிஸ்ட்டைப் பார்க்காமல் நீங்கள் யாருக்கும் கபுர் காட்டுவதில்லை என்பதும் தெரியும். அவர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கம் இங்கே இல்லை. உங்கள் பின்னால் ஓடிவரவும் வழியில்லை. உங்கள் ஃபோன் மேசையிலேயே கிடந்தது. அறுபத்து மூன்று. எழுபத்தொன்று. ஓதியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டரி சாகும் முன் விண்டோஸ் திறந்தது. கோப்பும் திறந்தது. எல்லாப் பெயரும் தமிழில் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அழுதுவிட்டேன். அவருடைய உம்மாவின் பெயரைத் தேடிப் பிடித்தேன். மூன்றாம் வரிசை, ஏழாவது. அவருக்குச் சொல்ல உங்கள் ஃபோனைக் கையில் எடுத்தபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள், முழங்கால் வரை மணலோடு. வேன் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"மூணாம் வரிசை வாப்பா. ஏழாவது."

"நான் நாலாம் வரிசையில ஏழாவதக் காட்டிட்டன் மகள்."

"இப்பவே எடுத்துச் சொல்லுவம். ஆலங்குடாச் சந்தியக்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க."

ஃபோனை என் கையிலிருந்து வாங்கினீர்கள். "வேணாம். அந்தப் புள்ள மண்ணத் தொட்டு அழுதிட்டு, மனசு ஆறிப் போறான். விடு."

விட்டுவிட்டேன்.

மறுநாள்தான் காரணம் பிடிபட்டது. நீங்கள் தட்டியது பாமினி எழுத்துருவில். அதில் உள்ளே இருப்பது இங்கிலீஸ் எழுத்துத்தான், பாமினி அதற்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டும். லினக்ஸில் பாமினி இல்லை, அதனால் உடுப்பில்லாமல் நின்றது. கோப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. எழுத்துருவைப் பிரதி எடுத்துப் போட்டதும் லினக்ஸிலும் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு நிமிட வேலை. அது ஒரு நாள் முந்தித் தெரிந்திருந்தால், அந்த மனுஷன் தன் உம்மாவின் பக்கத்தில் நின்று அழுதிருப்பார்.

அதற்குப் பிறகு ஜும்மா முடிந்து நீங்கள் பிந்தித்தான் வீட்டுக்கு வருவீர்கள். கேட்டால், "மூணாம் வரிசைக்குப் போய் அந்தப் புள்ளைக்காகவும் ஒரு ஸலாம் சொல்லிட்டு வாறன்" என்பீர்கள். கால் நடக்கும் வரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை வாப்பா.

இப்போது லிஸ்ட் என் பொறுப்பு. உங்கள் வரியையும் நான்தான் தட்டினேன். ஐந்தாம் வரிசை, இரண்டாவது. அடக்கிவிட்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. அந்த இடத்தை நான் கண்ணால் கண்டதில்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறேன். என் மனசு ஆறட்டும் என்று யாராவது அதை மாற்றிச் சொல்லியிருந்தால், அவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது.

அதனால் இன்று நஸீர் நானாவிடம் சொல்லப்போகிறேன். அன்று அவர் அழுதது யாருடைய கபுரில் என்று கேட்பார். அதையும் லிஸ்ட்டில் பார்த்துவிட்டேன். "கரை ஒதுங்கிய ஆண் மையித்து, பெயர் தெரியாது" என்று நீங்களே தட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் ஜனாஸாவில், தொழுகைக்கு முன், இவர் யாருக்காவது தவறு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்களாம். மன்னித்தோம் என்று எல்லோரும் சொன்னார்களாம். நீங்கள் மாப்புக் கேட்கவேண்டிய ஆள் கட்டாரில் இருந்தார். இன்று அவர் வாசலுக்கு வந்ததும், உள்ளே கூப்பிட்டு இருத்தமாட்டேன், தேத்தண்ணி கொடுக்கமாட்டேன். முதலில் உங்களுக்காக அவரிடம் மாப்புக் கேட்பேன்.