படிக்காத இரண்டாம் பக்கம்

4 ஜனவரி 1932, திங்கள்

இதுவரை பதினேழு விண்ணப்பம். பதில் வந்தது மூன்று. மூன்றிலும் ஒரே வரி: இடம் காலியில்லை. மற்றப் பதினாலும் எந்தெந்தத் துரையின் குப்பைக் கூடையில் கிடக்கின்றனவோ.

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து ஃபக்டரியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி ஏழு வாரம். தேயிலை விலை விழுந்தது, ஃபக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, எஞ்சின் பார்க்க இரண்டு பேர் எதற்கு? நியாயம்தான். ஆனால் கொழும்பில் மூன்று வருஷம் இயந்திரத் தொழில் படித்தவனை அனுப்பிவிட்டு, மூக்கை முட்டினாலும் அழுத்தம் காட்டும் கேஜில் முள் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டார்களே, அது என்ன நியாயம்? அவர் பெரிய கிளாக்கருக்கு மைத்துனர். போதும்.

தோட்டத்துத் துரை தந்த நற்சாட்சிப் பத்திரத்தை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நேர்மையானவர். குடிப்பழக்கம் இல்லாதவர். நல்லொழுக்கம் உள்ளவர்.' இரண்டு வருஷம் அவருடைய எஞ்சினைப் பார்த்தேன். அது ஓடியதா நின்றதா என்று ஒரு வார்த்தை? இதை வைத்துக்கொண்டு நான் கோயிலில் மணியடிக்கப் போகலாம்.

11 ஜனவரி, திங்கள்

நான் எழுதிய விண்ணப்பம் ஒன்றைத் தங்கச்சி பெற்றீசியா தமிழில் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வரிதான். உங்களுக்கு எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும், எனக்குத் தெரியும், பதில் போடவும்.

"இது வேல கேக்குற காயிதமாடா? வாரண்டு மாதிரி இருக்கு."

நாவலப்பிட்டி ரயில் எஞ்சின் கொட்டகையில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஒருநாளும் விண்ணப்பம் எழுதியதில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரிடமே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா இரவு வரை என்னோடு பேசவில்லை.

முத்துலிங்கத்தாரிடம் போகச் சொல்கிறார்கள். கோர்ட்டுக்கு எதிரே மேசை போட்டு, பெட்டிசன் அடிக்கும் டைப் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர். கண்டியில் பாதிப்பேருடைய கண்ணீர் அந்த மெஷினிலிருந்துதான் வருகிறது.

19 ஜனவரி, செவ்வாய்

போனேன். முன்னால் ஏழு பேர். காணி வழக்கு, ஜீவனாம்சம், வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே முகவுரை. என் முறை வந்ததும் கேள்வி கேட்டார்.

"எத்தினை சகோதரம்?"

"ஒரு தங்கச்சி."

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்லை. கொன்வென்டில் படிப்பிக்கிறாள்."

"படிப்பிக்கிறதை விடும். அது உதவாது."

எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நானாகச் சொல்லத் தொடங்கினேன். கையால் மறித்துவிட்டார்.

முதல் பக்கத்தை அங்கேயே அடித்துக் காட்டினார். நான் துரையின் பாத தூளியாம். அவருடைய நீண்ட ஆயுளுக்காகவும் அவருடைய சந்ததியின் செழிப்புக்காகவும் அல்லும் பகலும் ஜெபிப்பேனாம். அல்லும் பகலும் ஜெபித்தால் எஞ்சினை யார் பார்ப்பது? சொன்னேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, உமக்கு வேலை வேணுமோ, மரியாதை வேணுமோ?"

"ரெண்டும்."

"அப்ப ரெண்டு பெட்டிசன் அடிக்கவேணும்."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

23 ஜனவரி, சனி

ஐந்து பிரதி தயார், எனக்கென்று ஒன்று வேறு. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். முதல் பக்கத்தை மறுபடி பார்த்தேன், பாத தூளியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. தபாற்கந்தோர் பன்னிரண்டரைக்கு மூடிவிடும். ஆறிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டேன். ஐந்தை அனுப்பியாயிற்று. கையைக் கழுவியும் அருவருப்புப் போகவில்லை.

1 பெப்ரவரி, திங்கள்

ஒன்றுமில்லை. மழையும் இல்லை.

6 பெப்ரவரி, சனி

இதை எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் தபால் வந்தது. என் பெயருக்கு இல்லை, அம்மாவின் பெயருக்கு. அம்மாவுக்கு இங்கிலீஷ் கடிதம் யார் போடுவார்? பெற்றீசியா பிரித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"படி புள்ள," என்றார் அப்பா, கதிரையில் சாய்ந்தபடி.

பார்லோ என்ற துரை எழுதியிருக்கிறார். முன்பு எஞ்சின் கொட்டகையில் அப்பாவுக்கு மேலே போர்மனாக இருந்தவராம். இப்போது நாவலப்பிட்டியில் தோட்டத்து யந்திரங்களைப் பழுது பார்க்கும் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். நான் அனுப்பிய ஐந்தில் ஒன்று அங்கே போயிருக்கிறது. அதில் தகப்பன் மரியநாயகம் என்ற பெயரைப் பார்த்து, அவர் காலமானதை அறிந்து, விதவையான தாயாருக்கு அனுதாபம் தெரிவிக்கிறாராம்.

காலமானதை!

எனக்கென்று வைத்திருந்த பிரதியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் படித்தேன். தகப்பனை இழந்தேன், விதவைத் தாய், மணமாகாத நான்கு தங்கைகள், ஒருத்திக்கு நெஞ்சு நோய். கீழே என் கையெழுத்து. தெளிவாக, அழகாக.

கடிதத்தில் இன்னும் இருந்தது. 'மரியநாயகம் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, அந்தச் சத்தத்திலேயே வெடிப்பு எங்கே என்று சொல்வார். அப்படி இன்னொரு ஃபிட்டரை நான் கண்டதில்லை. அதை அவரிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டது இப்போது வருத்தமாக இருக்கிறது. மரியநாயகத்தின் மகனுக்கு என் பட்டறையில் நிரந்தர இடம் உண்டு, 15ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு வரட்டும்.'

அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பெற்றீசியாவின் பக்கம் திரும்பினார்:

"இன்னொரு தடவ படி."

பெற்றீசியா படித்தாள். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

"எதுல செத்தேனாம்?"

"அது போடல அப்பா."

"உசுரோட இருந்தப்ப ஒரு வார்த்த சொல்லல அந்தாளு," என்றார். கடிதத்தை வாங்கி மடித்து அலுமாரியில் வைத்தார், ஞானஸ்நானப் பத்திரங்களோடு.

8 பெப்ரவரி, திங்கள்

கோர்ட்டடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முத்துலிங்கத்தார் மெஷினை நிறுத்தவே இல்லை.

"வேலை கிடைச்சுதோ இல்லையோ?"

"என் அப்பாவைச் சாகடித்துவிட்டீர்!"

"நான் அடிச்சன், கையெழுத்து வைச்சது நீர். உம்மட அப்பரை ரெண்டு மாசத்துக்கு நாவலப்பிட்டிப் பக்கம் போக விடாதையும். அவ்வளவுதான்."

அறையலாம் போலிருந்தது. ஆனால் கையெழுத்து வைத்தது நான் என்று அவர் சொன்னது பொய்யில்லையே. பதினேழு நேர்மையான கடிதத்துக்குக் கிடைக்காத வேலை, ஒரு பொய்க்குக் கிடைத்திருக்கிறது. போவதா? போய் அந்த மனிதர் முன்னால் துக்க முகத்தோடு நிற்பதா?

வீட்டில் சொன்னேன், போகமாட்டேன் என்று. அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருசம் செத்துக் கெடக்கிறேன். நீ போ."

10 பெப்ரவரி, விபூதிப் புதன்

காலையில் எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டோம். அப்பா வரவில்லை. கோயிலில் நாவலப்பிட்டி ஆட்கள் யாராவது இருப்பார்களாம். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகச் சாம்பல் பூசிக்கொள்ளாத விபூதிப் புதன்.

திரும்பி வந்தால் வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறது. பட்டப்பகலில். பிறகு சண்முகநாதன் மாமா வந்தார், அப்பாவோடு கொட்டகையில் இருந்தவர், சும்மா பார்த்துவிட்டுப் போக. குரல் கேட்டதும் அப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். அம்மா வாசலில் நின்று "அவரு ஊர்ல இல்லண்ணே" என்றார். உள்ளே நான் போனபோது அப்பா அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு. என் நெற்றியிலிருந்த சாம்பலையே பார்த்தார்.

சீ! என்ன பிழைப்பு இது? முத்துலிங்கத்தாரைச் சொல்லிப் பயனில்லை. இந்த மனிதரை அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியது என் கை.

11 பெப்ரவரி, வியாழன்

பார்லோவுக்கு நானே எழுதுகிறேன். முதல் கடிதம் நாலு பக்கம். பெட்டிசன் எழுதுபவர்கள், அவர்களை உருவாக்கிய கந்தோர்கள், காலில் விழுந்தால்தான் திரும்பிப் பார்க்கும் துரைமார், எல்லோரையும் கிழித்திருந்தேன். பெற்றீசியா படித்தாள்.

"அண்ணே, இது விண்ணப்பமா, வழக்கா?"

"ஏன், எது பொய்?"

"ஒண்ணும் பொய்யில்ல. ஆனா நாலு பக்கத்துல நீ எங்க இருக்க? கோவந்தான் இருக்கு."

கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும். மூன்றாவதை எழுதும்போது ஒன்று உறைத்தது: பதினேழு விண்ணப்பத்திலும் எனக்கு எஞ்சின் தெரியும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எந்த எஞ்சின், என்ன செய்தேன், எங்கே கோட்டைவிட்டேன், ஒன்றுமில்லை. தோட்டத்துத் துரை என்னைப் பற்றி எழுதியதற்கும் நான் என்னைப் பற்றி எழுதியதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியில் அனுப்பியது இது:

'ஐயா, ஜனவரி 23 அன்று நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. என் தகப்பனார் உயிரோடு இருக்கிறார். தங்கை ஒருத்திதான், ஆசிரியை, சுகமாக இருக்கிறாள். ஹுன்னஸ்கிரியவில் இரண்டு வருஷம் எண்ணெய் எஞ்சினும் தேயிலை உருட்டும் மூன்று ரோலர்களும் என் பொறுப்பில் இருந்தன. என் தவறால் எஞ்சின் ஒருமுறை நின்றது. எண்ணெய்க் குழாயைத் துப்புரவு செய்யாமல் அவசரப்பட்டு ஓட்டினேன், அச்சைத் தாங்கும் பேரிங் உருகியது. நானே புதிதாக வார்த்துப் பொருத்தினேன், நாலு நாள் பிடித்தது. அதன்பின் பதினெட்டு மாதம் அது என்னால் நிற்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பதுக்கு வருகிறேன். வேண்டாமென்றால் வாசலிலேயே சொல்லியனுப்பலாம்.'

"கடைசி வரி வேணாம்ணே," என்றாள்.

அது இருக்கட்டும் என்றேன். தபாலில் போடுமுன் இரண்டு தடவை படித்தேன்.

13 பெப்ரவரி, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "கெடுத்துட்டியேடா" என்றார். ஆனால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தது அவர்தான்.

15 பெப்ரவரி, திங்கள்

காலை ரயிலில் நாவலப்பிட்டி. பார்லோவின் மேசையில் என் இரண்டு கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உட்காரச் சொல்லவில்லை.

"இந்த இடத்துக்குப் பதினான்கு விண்ணப்பம் வந்தது," என்றார். "பதினொன்றில் தகப்பன் இறந்துவிட்டார். கண்டியில் என்ன கொள்ளைநோய்? எழுந்து வந்தது உன் தகப்பன் ஒருவர்தான்."

பிறகு வெளியே கூட்டிப்போய் ஓர் எஞ்சினைக் காட்டினார். ஓடும்போது டக் டக்கென்று இடிக்கிறது. பேரிங்கை இரண்டு தடவை கழற்றிப் பார்த்துவிட்டார்களாம். எனக்கும் உடனே ஸ்பேனரை எடுக்கத்தான் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். பேரிங் அல்ல, ஃப்ளைவீல் சக்கரத்தை அச்சோடு இறுக்கும் ஆப்பு தளர்ந்திருந்தது. முக்கால் மணி நேர வேலை.

பார்லோ தன் மணிக்கூட்டைப் பார்த்தார். "உன் தகப்பன் செத்திருந்தால் நிரந்தர இடம். உயிரோடு இருப்பதால் ஆறு மாதம் நாட்கூலி, அதன்பிறகு பார்ப்போம். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை நம்ப எனக்கும் நாள் வேண்டும்."

மாதச் சம்பளம் போயிற்று. வாயைத் திறக்கப் போனேன். மூடிக்கொண்டேன்.

வாசல்வரை வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "என் கடிதத்தை அவர் கேட்டாரா?"

"மூன்று தடவை படிக்கச் சொன்னார்."

திருப்பிக் கேட்கவில்லை, அந்தக் கடிதத்தை.

16 பெப்ரவரி, செவ்வாய்

அப்பா முகச்சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, கட்டுக்கலை வீட்டிலிருந்து மார்க்கெட் வரை நடந்து போனாராம். எதிரில் வந்த ஒருவரையும் விடவில்லையாம். கோட்டுப் பையில் அந்தக் கடிதம்.

18 ஜூலை, திங்கள், நாவலப்பிட்டி

நாலு நாளாக விடாத மழை. பட்டறைக்கு இன்னோர் ஆள் வேண்டும். பார்லோ போன வாரம் விண்ணப்பக் கட்டை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு. பதினாறில் அதே பாத தூளி, அதே அல்லும் பகலும். முத்துலிங்கத்தாரின் மெஷினில் ஓர் எழுத்து மட்டும் வரிக்கு மேலே எழும்பி நிற்கும், தூரத்திலிருந்தே தெரிகிறது. எழுதியவன் எந்த யந்திரத்தைத் தொட்டிருக்கிறான் என்று இருபத்திரண்டில் ஒன்றில்கூட இல்லை. போன ஜனவரி என்றால் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருப்பேன்.

ஆறு பேரை இன்று வரச் சொல்லியிருந்தேன். முதலில் வந்தவர் லெட்சுமணன், கடுகண்ணாவை, என் வயதுதான். தகப்பன் காய்ச்சலில் இறந்ததாக இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"இத வாசிச்சீங்களா?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. அந்தப் பெரியவரு அடிச்சாரு, நான் கையெழுத்துப் போட்டேன்."

வெளியே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் கூரைத் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தார்.

"அது யாரு?"

"எங்க அப்பாங்க. கூட வந்தாரு."

உள்ளே கூப்பிட்டு இருவரையும் உட்காரச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுத வசதியாக வைத்துக்கொண்டு, எந்த எஞ்சினில் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரைஸ் மில்லுலங்க. ரெண்டு வருசம்."

"பொய் சொல்லாதடா," என்றார் கிழவர், சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட. "ஒண்ணர வருசம்."

ஒன்றரை என்று எழுதிக்கொண்டேன்.