பால்கனியில் தொங்கிய அரிசி மூட்டை

சுகுபா,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள கென்சாகுவுக்கு,

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை, சுவரெல்லாம் பூஞ்சை. இமாபாரியின் கடற்காற்று உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். முறைக்கு நாலு வரி எழுதியாகிவிட்டது. போனை எடுத்திருந்தால் மீதிக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

சனிக்கிழமை நீங்கள் உங்கள் கம்பெனியின் அந்தக் கார்பன் கயிற்றை நம்பிப் பாலத்திலிருந்து தொங்கக் கூடாது.

ஞாயிறன்று இதை ஆரம்பித்ததுமே, "உனக்கு வயித்தெரிச்சல். ஆய்வுக்கூடத்த விட்டுட்டு நான் கம்பெனி ஆரம்பிச்சது இன்னும் உனக்கு ஆறல" என்று போனை வைத்துவிட்டீர்கள். வயிற்றெரிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் இது வேறு.

போன வாரம் எங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கி பழுதாகிவிட்டது. எனக்குத்தான் காத்திருக்கத் தெரியாதே. உங்கள் கயிற்றுக்கு மூலமான கார்பன் நானோ குழாய்க் கட்டுகளைப் பார்க்காமலேயே, இழுத்து வலுவைச் சோதிக்கும் இயந்திரத்தில் மாட்டச் சொன்னேன். எல்லாமே நழுவின. ஒரு குழாய்கூட அறவில்லை, ஒன்றையொன்று விட்டுவிட்டன, அவ்வளவுதான். சோமென் சேமியாக் கட்டிலிருந்து ஒன்றை உருவினால் மற்றவை தடுக்குமா? இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இசொபே, "மேடம், நீங்க பாக்கலேன்னு கோவிச்சுக்கிட்டு நழுவுது போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் பழைய அளவுக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன்.

இழுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் நான் ஆசைதீரப் பார்ப்பேன். "பொண்ணு பாக்கப் போன மாதிரி எவ்வளவு நேரம்தான் பாப்ப" என்று கேலி செய்வீர்களே, அந்தப் பார்வைதான் வினையாகிவிட்டது. நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கதிர் பட்ட இடத்தில், சோறு அடிப்பிடித்த பானை மாதிரி, கரி படிகிறது. வழவழப்பான குழாயின் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பக்கத்துக் குழாயைப் பிடித்துக்கொள்கிறது. வலுவில் சாதனை என்று நாம் வெளியிட்ட எண்கள் எல்லாம் நான் பார்த்த கட்டுகளின் எண்கள். உங்கள் ஆலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் நூலை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

சோதனையில் கயிறு மணல் மூட்டையைத் தாங்கியது என்பீர்கள். எவ்வளவு நேரம் தாங்கியது? நீங்களோ பகல் முழுவதும் தொங்கப்போவதாக ஊருக்கெல்லாம் அறிவித்திருக்கிறீர்கள். நீங்கள் பெருமையாக விட்டுப்போன கயிற்றுத் துண்டிலிருந்து மெல்லிய இழை ஒன்றைப் பிரித்து, பால்கனியில் துணி காயும் கம்பியில் கட்டி, செவ்வாய் இரவு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்வரை அசையவில்லை. நீங்கள் "பாத்தியா?" என்பது காதில் கேட்டது. சாயங்காலம் திரும்பியபோது மூட்டை தரையில் உட்கார்ந்திருந்தது. இழை அறுந்துபோகவில்லை, குழாய்கள் நழுவி நீண்டு மெலிந்து போயிருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். விரலால் இழுத்துப் பாருங்கள்.

கோஹருவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. "எங்கப்பா டிவில சிலந்தி மாதிரி தொங்கப் போறாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை தோழிகள் எல்லோரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள், ஒனிகிரிச் சோற்றுருண்டை பிடித்துத் தர வேண்டுமாம். சரி என்றேன். அந்த மூட்டை அரிசியைத்தான் வடிக்க வேண்டும்.

நிகழ்ச்சியை நிறுத்தினால் பணம் போட்டவர்கள் முன்னால் தலைகுனிவு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பழியை என்மேல் போடுங்கள். பெண்டாட்டி எடுத்த அளவு தப்பு என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட. மாட்டேன் என்றால், பார்சலில் புது நைலான் கயிறு அனுப்பியிருக்கிறேன், நேற்றுக் கடையில் வாங்கியது. அதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். சட்டைக்குள் மறைத்துக் கட்டினாலும் சரி, நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

நான்தான் அன்று டிவியைப் போட வேண்டும். அந்தக் குழந்தைகள் நடுவில் என்னை அப்படி உட்கார வைக்காதீர்கள்.

என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். அதோடேயே வீட்டுக்கு வந்து சேருங்கள்.

உங்கள்
சிகுசா